நேற்றைய தண்ணீரின் ரிப்போர்ட்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வெளியே போகும் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாம்பிள் எடுத்த தேதிக்கும் முடிவு எழுதிய தேதிக்கும் நடுவில் ஒரு நாளாவது இருக்கும். பழைய குழாய் முறையில் செய்திருந்தால் மூன்று நாள்கூட ஆகியிருக்கும். கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரிய அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குள் அந்தத் தண்ணீர் குடத்துக்குப் போய், ரசமாகி, பிள்ளைகளின் ஸ்கூல் பாட்டிலில் ஏறி, குடித்து முடிந்திருக்கும்.

“உங்க ரிப்போர்ட் வர்றதுக்குள்ள, தண்ணி குடிச்சவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வீட்டுக்கே வந்துடுவான் மேடம்” என்று டெப்போவின் உதவிப் பொறியாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். கிண்டல்தான். ஆனால் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னைக் குடிநீரின் உயிரியல் பிரிவில் சேர்ந்து, முதுநிலை உயிரியலாளர் ஆன பிறகும் என் தினசரிக் கவலை அந்த ஒரு நாள்தான். அதை எங்கே முந்தலாம், எதைப் பார்த்து முந்தலாம் என்பதில்தான் இந்த வேலையின் சாமர்த்தியம் இருக்கிறது. மற்றதெல்லாம் பாட்டில் கழுவுவது.

முந்துவதற்கு நல்ல இடம் ஏரி. இந்த ஊருக்குத் தண்ணீர் பல திசையிலிருந்து வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று பழைய ஏரிகள். 1996 முதல் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர். 2004 முதல் வீராணம். 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீர் ஆலைகள். கடல்நீர் ஆலையின் வாசலில் உயிரியலாளருக்குப் பெரிய வேலை கிடையாது, சவ்வு எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். ஏரி அப்படியில்லை. அதில் விளைவதெல்லாம் ஆலைக்குள் வரும். ஆலையில் பில்டர் அடைத்துக்கொள்கிறது, இரண்டு நாள் ஓட வேண்டியது ஒரு நாளில் கழுவக் கேட்கிறது என்றால், சினெட்ரா போன்ற ஊசி வடிவ டயாட்டம் பாசிகள் பெருகியிருக்கின்றனவா என்று முதலில் பார்ப்போம். ஏரியில் வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்தால் பில்டர்காரர் போன் செய்வதற்கு முன்பே நாம் அவருக்குப் போன் செய்துவிடலாம்.

புழல் ஏரிக்கு நாங்கள் விடியற்காலையில் போவதற்குக் காரணம் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லுக்குள் மிக நுண்ணிய காற்றுப்பைகள் உண்டு. பகலில் வெயிலில் சமைத்த மாவுச்சத்தின் கனத்தால் கீழே இறங்கும். இரவில் அதைச் செலவழித்து இலேசாகி மேலே ஏறும். காற்று அடிக்காத இரவுக்கு மறுநாள் காலை, பெயின்ட் டப்பா கொட்டியதுபோல ஏரி ஓரம் பச்சையாகக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் சாவகாசமாகப் போய் நடு ஏரியில் ஒரு பாட்டில் மொண்டு வந்தால் தண்ணீர் தங்கமாக இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் வரும். சாம்பிள் எடுத்த நேரத்தை எழுதாத ஏரி ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

சேர்ந்த புதிதில் எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர் ஒரு வேடிக்கை காட்டினார். பாசி மிதக்கும் தண்ணீரைப் பாட்டில் விளிம்புவரை ஊற்றி, காற்று இல்லாமல் கார்க்கால் இறுக்கி, மரச் சுத்தியலால் அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதுவரை மேலே மிதந்த பச்சை கீழே இறங்க ஆரம்பித்தது. அழுத்தத்தில் காற்றுப்பைகள் நொறுங்கிவிட்டன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் செய்த சோதனை இது. எண்ணுவதற்கு முன்பு பாசி கீழே படிய வேண்டும் என்பதால் எங்களுக்கு இது வேடிக்கை மட்டுமில்லை, வேலையும்கூட.

எண்ணுவது செட்ஜ்விக் ராஃப்டர் தட்டில். 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம்; சரியாக ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும். காற்றுக்குமிழி மாட்டாமல் மூடிக் கண்ணாடியைச் சாய்த்து வைப்பதற்கே கை பழக வேண்டும். பெயர் தெரியாத பாசி வந்தால் கை போவது தேசிகாச்சாரியின் ‘சயனோபைட்டா’ நூலுக்கு. 1959-இல் வெளிவந்தது; எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர், எம்.ஓ.பி. அய்யங்காரின் மாணவர். உலகம் முழுக்க நீலப்பச்சைப் பாசி ஆய்வாளர்கள் புரட்டும் புத்தகம் நம் ஊரில் எழுதப்பட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1940-லேயே ஒரு கோயில் குளத்தில் ஓயாமல் படர்ந்திருந்த மைக்ரோசிஸ்டிஸைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார் எஸ்.வி. கணபதி. பாசி ஏதோ நேற்று வந்த பிரச்சினை என்று கூட்டத்தில் யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

பாசி பெருகினால் என்ன? முதலில் வாசனை. ஜியோஸ்மின் என்று ஒரு பொருள், மழை விழுந்த மண்ணுக்கு வாசம் தருவதும் அதுதான். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மண் வாசனை அடிக்கும் காபியை யாரும் மன்னிக்க மாட்டார்கள். இரண்டாவது, வெளியே தெரியாத கெடுதல். வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பி.எச். 9 வரை போகும். அந்தத் தண்ணீரில் படிகாரம் சரியாகப் பிடிக்காது. குளோரினின் பெரும்பகுதி வீரியம் குறைந்த வடிவத்துக்குப் போய்விடும். அளவுக் காகிதத்தில் அதே குளோரின் காட்டும், வேலை பாதிதான் நடக்கும். மூன்றாவது, விஷம். மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் “குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள்” என்று அறிவிக்க வேண்டி வந்தது ஈரி ஏரியில் மிதந்த இதே மைக்ரோசிஸ்டிஸால்தான்.

பச்சையைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் முதல் யோசனை துத்தம். காப்பர் சல்பேட்டைச் சாக்கில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்தால் இரண்டு நாளில் ஏரி பளிச்சென்று ஆகிவிடும், போட்டோ நன்றாக வரும். ஆனால் செல் வெடித்து, உள்ளே அடைபட்டிருந்த விஷம் முழுவதும் தண்ணீரில் கரைந்துவிடும். முழுச் செல்லை வண்டலோடு படிய வைத்து வெளியே தள்ள ஆலைக்குத் தெரியும். கரைந்த விஷத்தை மணல் பில்டரால் பிடிக்க முடியாது. 1996-இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் பாசி படிந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்குப் பயன்படுத்தியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அதைப் படித்தவர்கள் துத்தச் சாக்கை அவிழ்க்கும் முன் நிச்சயம் தயங்குவார்கள். பாசி மேலே மிதக்கும்போது கீழ் மதகைத் திறந்து எடுங்கள், கலங்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொறியாளரிடம் கெஞ்சுவதுதான் என் வழி. கெஞ்சுவது என்ற சொல் மிகையில்லை.

2019 கோடையில் கெஞ்சுவதற்கே ஏரியில் தண்ணீர் இல்லை. கல்குவாரிகளிலிருந்து எடுத்தார்கள், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது. வரும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில், தனி எண். குவாரித் தண்ணீர் பார்க்கத் தெளிந்திருக்கும். தெளிவைப் பார்த்து யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே அதற்கு இரட்டைச் சோதனை போட்டோம். அந்த மாதங்களைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

தெருவுக்கு வருகிறேன்.

குழாயில் சாம்பிள் எடுப்பது சமையல் மாதிரி எளிமையானது என்று நினைத்துக்கொண்டு வரும் பயிற்சி மாணவர்களுக்கு அரை நாளில் தெளிந்துவிடும். பாட்டில் 121 டிகிரி நீராவியில் வெந்திருக்க வேண்டும். அதற்குள் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும் குளோரின், ஐஸ் பெட்டியில் பயணம் போகும் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், கூடத்தில் அருமையான முடிவு கிடைக்கும். குழாய் வாயைச் சுடரால் வாட்ட வேண்டும். மூடியைக் கீழே வைக்கக்கூடாது, சுண்டுவிரலில் மடக்கிப் பிடித்திருக்க வேண்டும். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும். இத்தனையும் பின்னால் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் குடங்களின் முணுமுணுப்புக்கு நடுவில்.

“ஏம்மா, தண்ணி வர்றதே அரை மணி. அதுலயும் நெருப்பு வெச்சுக் காட்டிக்கிட்டு நிக்கிறியே” என்று ஒரு பாட்டி அதட்டினார்.

“ரெண்டே நிமிஷம் பாட்டி.”

“நல்ல தண்ணின்னு எழுதிட்டுப் போவ, அதானே? காலையில மொதல்ல வர்றதப் புடிச்சிப் பாரு, அப்பத் தெரியும்.”

பாட்டி சொன்னது பாடப்புத்தகத்தில் இல்லாத உண்மை. சாம்பிள் விதி, குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடி என்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடும் ஊருக்காக எழுதிய விதி அது. குழாயிலேயே தேங்கிய தண்ணீர் போய், மெயினிலிருந்து வருவதைப் பிடிப்பதற்காக. நம் ஊரில் மெயினே பகல் முழுக்கக் காலியாகக் கிடக்கும். உள்ளே அழுத்தம் இல்லாத நேரத்தில், சாக்கடைக்குப் பக்கத்தில் இற்றுப்போன வீட்டு இணைப்பு ஒன்று இருந்தால் போதும், வெளியே இருப்பது உள்ளே கசியும். மேலே யாராவது மெயினில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் கசிவது இழுக்கப்படும். வால்வு திறந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் அதெல்லாம் வந்துபோய்விடும். விதிப்படி காத்திருந்து பிடித்தால் குற்றவாளி வெளியேறிய பிறகு வீட்டைச் சோதிப்பதாகிவிடும். அதற்குப் பிறகு புகார் வந்த தெருக்களில் இரண்டு பாட்டில் பிடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்: முதல் தண்ணீரில் ஒன்று, ஓடவிட்டு ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் குறை ஆலையில் இல்லை, அந்தத் தெருவிலேயே எங்கேயோ இருக்கிறது.

அங்கேயே நின்று உடனே பார்க்கக்கூடியது குளோரின். முன்பு ஆர்த்தோடொலிடின் சொட்டு, மஞ்சள் நிறம். அந்த மருந்து புற்றுநோய்ச் சந்தேகத்துக்குரியது என்பதால் இப்போது டி.பி.டி. மாத்திரை, இளஞ்சிவப்பு. இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். தண்ணீர் குடிக்கப்படுவதற்கு முன்பே பதில் சொல்லும் ஒரே சோதனை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. சாக்கடைக் கசிவு இருக்கும் இடத்தில் குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோயிருக்கும். அதனால் ஒரு தெருவில் வீடு வீடாகக் குளோரின் பார்த்துக்கொண்டு நடந்தாலே இடம் பிடிபடும். ஒரு பழைய தெருவில் அப்படி நடந்தோம். முனையில் நல்ல இளஞ்சிவப்பு, நடுவில் வெளிறியது, ஒரு வாசலைத் தாண்டியதும் மாத்திரை போட்டதே தெரியவில்லை. அம்மோனியா பார்த்தோம், இருந்தது. தோண்டினார்கள். எப்போதோ இடித்துவிட்ட வீட்டின் இணைப்பு, அடைக்காமல் விட்ட அரை அங்குல இரும்புக் குழாய், மழைநீர்க் கால்வாய்க்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கிருமிச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே அதை வெட்டி அடைத்தாயிற்று. மறுநாள் மேசையில் எல்லாக் குழாய்களிலும் வாயு. கிருமி வளர்க்கும் மெக்கான்கி பிராத்தின் ஊதா மஞ்சளாகிக் கிடந்தது, டர்ஹாம் சிறுகுழாய்கள் குமிழியோடு மிதந்தன. 44 டிகிரியிலும் வளர்ந்தது, மலத்திலிருந்து வந்த கிருமி என்பதற்கு அடையாளம். நாங்கள் ஏற்கெனவே சொன்னதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் நாங்கள் தேடும் எஷரிச்சியா கோலையை (ஈ.கோலை) பற்றி மக்களிடம் ஒரு குழப்பம் உண்டு. 1885-இல் குழந்தைகளின் மலத்தில் எஷரிச் கண்டு எழுதிய கிருமி. பெரும்பாலான வகைகள் நம் குடலில் சாதுவாக இருப்பவை. அது 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று தரம் சொல்வதற்குக் காரணம், அது வந்த வழியில் டைபாய்டும் காலராவும் வரலாம் என்பது. வழி திறந்திருக்கிறதா என்றுதான் தேடுகிறோம். கிராமத்துப் பஞ்சாயத்துகளில் பயன்படும் கறுப்பாக மாறும் ஹைட்ரஜன் சல்பைட் பாட்டிலும் இதே யோசனைதான். குவாலியரின் பாதுகாப்பு ஆய்வகத்தில் மஞ்சா, மௌர்யா, ராவ் மூவரும் 1982-இல் வெளியிட்டது. இன்குபேட்டர்கூட இல்லாமல், அறை வெப்பத்தில், எழுதப்படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லலாம். நுணுக்கம் போதாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. பரிசோதனைக் கூடம் அறுபது கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு அதைவிட நல்ல கருவியை அவர்கள் காட்டட்டும்.

எங்களுக்கு வரும் போன்களில் அதிகம் அலறுவது கிருமிக்காக அல்ல, புழுவுக்காக. “மேடம், குழாய்ல ரத்தக் கலர்ல புழு வருது, நெளியுது” என்று ஒருவர் பாட்டிலோடு நேரிலேயே வந்துவிட்டார். லென்ஸில் பார்த்தால் கைரோனோமஸ். கொசு மாதிரி இருக்கும், கடிக்காத ஓர் ஈயின் குஞ்சு. காற்று குறைந்த சேற்றில் வாழ்வதற்காக அதன் உடம்பில் ஹீமோகுளோபின் உண்டு, சிவப்பு அதனால் வந்தது. நம் ரத்தத்தைக் குடித்ததால் இல்லை.

“மெயின்லேர்ந்துதானே வந்திருக்கும்?” என்றார் அவர்.

“சார், உங்க வீட்டு சம்ப்பைக் கடைசியா எப்பக் கழுவினீங்க?”

முகம் சுருங்கிவிட்டது. போய்ப் பார்த்தோம். சம்ப் மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது, ஓவர்ஹெட் டேங்கின் காற்றுக்குழாயில் வலை இல்லை. தாய் ஈ சாயங்காலம் உள்ளே நுழைந்து, விளிம்பில் ஜவ்வுபோல முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். நாம் போடும் அளவுக் குளோரினுக்கு அந்தப் புழு அசையாது. அடி வண்டலைச் சுரண்டி எடுத்து, மூடியை இறுக்கி, வலை கட்டச் சொன்னோம். மெயினில் பிடித்த தண்ணீரை அவர் கண் முன்னாலேயே வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். அந்த அடுக்ககத்தின் மற்ற வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கேன் தண்ணீருக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் சம்ப் மூடிக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க மாட்டார்கள்.

ரிஜிஸ்டரைப் பற்றி ஒன்று. மாதம் முழுக்க 0.5, 0.5, 0.5 என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் எழுதிய குளோரின் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையான தண்ணீர் 0.4 காட்டும், 0.7 காட்டும், மழைக்கு மறுநாள் 0.1-க்கு விழும். 2000-ஆம் ஆண்டு கனடாவின் வாக்கர்டன் ஊரில் கிணற்றுக்குள் மாட்டுச் சாணக் கழிவு இறங்கி ஏழு பேர் இறந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். விசாரணையில் தெரியவந்தவற்றில் ஒன்று, குளோரின் அளவை அளக்காமலேயே பொய் எண்களை எழுதி வந்தார்கள் என்பது. புதிதாக வரும் ஆய்வக உதவியாளர்களுக்கு நான் அந்த விசாரணையின் கதையை முதல் வாரமே சொல்லிவிடுவேன். குறைந்த எண்ணை எழுதியதற்காக இங்கே யாரையும் திட்டமாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்வேன். இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் கதைக்குப் பயனில்லை.

இப்போது கோலிலெர்ட் வகைப் பாட்டில்கள் வந்திருக்கின்றன. மஞ்சளானால் கோலிபார்ம், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் ஈ.கோலை, எல்லாம் 24 மணி நேரத்துக்குள். மூன்று நாள் ஒரு நாளாகியிருக்கிறது, சந்தோஷம். இன்னொரு பக்கம், குளோரினையும் கலங்கலையும் நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் ஆன்லைன் மீட்டர் பெட்டிகளைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. எங்கே வைப்பது என்ற கூட்டத்தில் பெரும்பாலோர் ஆலை வாசலையும் பெரிய நீரேற்று நிலையங்களையும் சொன்னார்கள். அங்கே கரன்ட் உண்டு, செக்யூரிட்டி உண்டு. அங்கே தண்ணீர் ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது, கடைக்கோடித் தெருவில் வையுங்கள் என்றேன். பெட்டியைத் திருடிவிடுவார்கள், பேனர் கட்டிவிடுவார்கள், வோல்டேஜ் போதாது என்று பதில் வந்தது. சரி, குழாயின் கடைசியில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிகளில் வைக்கலாமே என்று கேட்டேன். கரன்ட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், ஒன்பது மணிக்குக் குழாயைத் திறக்க இருநூறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளிகளின் பட்டியலை டெப்போ வாரியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வடக்குப் பகுதி முடிந்துவிட்டது. ராயபுரத்துக்கு மட்டும் பழைய மெயின் வரைபடம் கிடைக்காமல் டெப்போ ஃபோர்மேனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்தே குறித்து வருகிறோம்.